பென்சில் பாக்ஸுக்குள் ஒரு மாத்திரை!

அழிரப்பரைத் தேடிய பாட்டியின் கையில் சிக்கியது அது. நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் பென்சில் பாக்ஸில், ஓரம் கரைந்து, பலப்பத்தூள் ஒட்டிக்கிடந்த ஒரு வெள்ளை மாத்திரை.

"என்னடி இது?"

"அம்மாதான் வாயில வெச்சிருந்துட்டுத் துப்பிடச் சொன்னாங்க பாட்டி."

அன்று பிப்ரவரி 10. தேசிய குடற்புழு நீக்க நாள். 2015-லிருந்து பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கும் நாள்.

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் அது. அம்மாவுக்கு வயது 28. பக்கத்து டவுனில் ஜெராக்ஸ் கடையில் வேலை. மாத்திரைக்கு எதிரியெல்லாம் இல்லை. காய்ச்சல் என்றால் முதல் ஆளாக டாக்டரிடம் ஓடுகிறவர்தான். ஆனால், போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தான். அதற்கு மேல், யார் பேசியது என்றே தெரியாத ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. 'துள்ளிக்கிட்டுத் திரியுற பிள்ளைக்கு எதுக்கு மருந்து?' என்று நினைத்துவிட்டார். கேள்வியில் தப்பில்லை. யாரிடமும் அதைக் கேட்காமல் விட்டதுதான் பிரச்னை.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா விளக்கெண்ணெயை ஊத்தி, நாள் பூரா கொல்லைக்கு ஓட விட்டேனே... அதைவிட இது மோசமா?" என்று மகளை ஒரு பிடி பிடித்த பாட்டி, மாத்திரையைப் பேப்பரில் மடித்துக்கொண்டு, இருவரையும் துணை சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனார்.

கிராம சுகாதார செவிலியர் திட்டவில்லை. சிறுமியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"பலப்பம் திங்கிறியா பாப்பா?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுட்டுப் போவியா?"

அதற்கும் பதில் இல்லை.

கொக்கிப்புழுவின் குட்டி, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் என்று செவிலியர் சொல்லச் சொல்ல, அம்மா மகளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் வாந்தி எடுத்தானேக்கா?"

"எடுப்பாங்கம்மா. வயித்துல புழு அதிகமா இருந்தா, அது சாகும்போது சில பிள்ளைங்களுக்குக் குமட்டும், வயிறு வலிக்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இந்த மாத்திரை புழுவைச் சர்க்கரைச் சத்தை உறிஞ்ச விடாது. பட்டினியிலயே அது செத்துப்போகும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்னிக்கு நாங்களே கொடுக்க மாட்டோம்."

இன்னொன்றும் சொன்னார். வாயில் ஒளித்துவைப்பது சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து, தொண்டையில் சிக்கிக்கொள்ளலாம். அதனால்தான் நன்றாகச் சப்பித் தின்னச் சொல்கிறார்கள். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை, அதுவும் பொடியாக்கி. அதற்கு மேல் 19 வயது வரை 400 மில்லிகிராம், முழு மாத்திரை.

அந்த வாரமே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9. அவள் வயதுக்கு 11.5-க்குக் குறையக் கூடாது. "புழு மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, சாப்பாட்டையும் பார்க்கணும்" என்று இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்தச் சீட்டை அம்மா ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பத்து முறையாவது படித்திருப்பார்.

17-ம் தேதி, விடுபட்டவர்களுக்கான நாள். சிறுமி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நீ போட்டியாம்மா?"

செவிலியர் சிரித்துவிட்டார். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கிடையாது.

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

"நாலு நாள் ஆச்சுக்கா."

ஒரு மாத்திரை அம்மாவின் கைக்கு வந்தது. மகள் பார்க்க, சத்தம் கேட்கும்படி கடித்து மென்றார். பிறகு மகளும் மென்றாள்.

அன்று இரவு அம்மா மூன்று முறை எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். மகள் பாட்டி மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் கழிவறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, ஒரு புழுவும் காணோம்!"

"எல்லாம் கண்ணுக்குத் தெரியாதாம்டி" என்றபடி வாசலில் நின்றார் பாட்டி. கையில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. பெரியது மகளுக்கு.