றம்பொடை இறக்கத்தில் ஒரு பழைய மொறிஸ்

1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து கண்டிக்குச் செல்லும் பாதை, லபுக்கலையின் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து இறங்குகின்றது. சென்ற சித்திரை விடுமுறையில் ஒரு காலைப்பொழுது நாம் குடும்பத்தோடு எமது மொறிஸ் மைனரில் அவ்வழியே வந்தோம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட அவ்வினக் கார்கள் இன்றும் நம் நாட்டில் ஓடுவதை வாசகர் அறிவர். பின்னாசனத்திற் பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தனர்.

றம்பொடை நீர்வீழ்ச்சி கண்ணிற்பட்ட வேளையிற் பிறேக்கை மிதித்தோம். பெடல் தளம்வரை போயிற்று! மீண்டும் மிதித்தபோது சற்று மேலே நின்றது. இக்காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில்வழிதான். அது தளர்ந்தால் நான்கும் தளரும். பிள்ளைகளிடம் எதுவும் கூறாது இரண்டாம் கியருக்கு மாற்றி, கம்பியால் இயங்கும் கைப்பிறேக்கை மெல்ல இழுத்து மலையோரமாக நிறுத்தினோம்.

தேநீர்க்கடைக்காரர் அழைத்துவந்த முதிய மெக்கானிக், சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார்.

"பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது சூடு, ஐயா. பஞ்சு மாதிரி இருந்தா காத்து. எங்க, மிதிச்சபடியே காலை வச்சிருங்க."

மிதித்தோம். முதலில் நின்ற பெடல், உறங்குபவனின் தலைபோல மெல்லத் தாழ்ந்தது. சில்லுகளிலோ குழாய்களிலோ கசிவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளிருக்கும் றபர் கப் தேய்ந்து, ஒயில் அதனைத் தாண்டிப் பின்வாங்குகின்றதென்றார். அச்சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்தின்கீழ் இருப்பது. ஒயில் ஊற்றும் மூடியைக் காணவே கம்பளத்தை உயர்த்தவேண்டும். நாம் அதனை எத்தனை மாதம் உயர்த்தவில்லை என்பதை எழுதாதிருப்பது நலம்.

காரை அவரது கொட்டகைக்குத் தள்ளிச் சென்றோம். புசல்லாவைக்கு ஆளனுப்பிக் கப் வருவித்தார். போல்ட்டுகளை உருவ விடாது முறுக்குத்தண்டு குறுக்கே நிற்பதால் அவ்வேலைக்கே அரைநாள் சென்றது. பின்னர், தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லிலிருந்து தொடங்கி, குழாயின் நுனியைப் போத்தலிலிருந்த ஒயிலில் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றினார். "மிதி தம்பி, விடாதே" என்ற கட்டளைக்கு எமது மூத்தவன் பணிந்ததுபோல வீட்டில் ஒருநாளும் பணிந்ததில்லை.

நான்கு மணிக்குப் பெடல் உறுதியாக நின்றது. ஆயினும் கம்பளைவரை இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். பின்னால் வந்த பேருந்துகள் ஒலியெழுப்பியவாறே எம்மைக் கடந்து சென்றன.