வீடு திரும்பும் நாள்

"நாளை வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் கூறும் சொல்லைவிட இனிய சொல் நோயாளியின் செவிக்கு வேறில்லை. ஆனால் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அதுவரை செவிலியரும் ஆயாக்களும் முறைவைத்துச் செய்துவந்த பணிகள் யாவும் அன்றுமுதல் ஒரு குடும்பத்தின் தோளில் ஏறுகின்றன. முதியவர் முற்றும் குணமடைந்து விட்டார் என்பதல்ல அதன் பொருள். இனிச் செய்யவேண்டியவை வீட்டில் செய்யப்படவேண்டும் என்பதே.

2022ஆம் ஆண்டில், 81 வயதான என் தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்கு முடிந்தது. மூன்றாம் நாள், வயதில் மூத்த செவிலியர் ஒருவர் என்னை அழைத்து மூன்று கேள்விகள் கேட்டார். "வீட்டு வாசலில் எத்தனை படிகள்? கழிப்பறை எந்த வகை? இரவில் அம்மாவின் அருகில் யார் படுப்பீர்கள்?"

முதலிரண்டுக்கும் விடை கூறினேன். மூன்றாவது கேள்வியை எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் எழுப்பியிருக்கவில்லை. அண்ணன் மும்பையில்; தங்கை திருச்சியில்; நானோ காலையில் சென்று மாலையில் திரும்புகிறவன். எஞ்சியவர் என் மனைவி. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை என்றாலும், அனைவர் உள்ளத்திலும் இருந்த விடை அதுதான். அவருக்கும் 58 வயது. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உண்டு.

அன்றிரவே தொலைபேசியில் கூடிப் பேசினோம். முதல் இரு வாரங்கள் தங்கை வந்து தங்குவது, அதன்பின் பகலில் உதவிக்கு ஒரு பெண்மணியை அமர்த்தி அவருக்குரிய ஊதியத்தை அண்ணன் அனுப்புவது, இரவுக் காவல் என்னுடையது, உணவும் மருந்தும் என் மனைவியின் பொறுப்பு, ஞாயிறன்று அவருக்கு முழு ஓய்வு. இவற்றைத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினோம்.

கட்டில் எங்கே என்பது மட்டும் மீதமிருந்தது. பின்னறை அமைதியானது என்றார்கள். தாயாரிடம் கேட்டேன். "தெருப்பக்கத்து அறையிலே போடுய்யா. போறவங்க வர்றவங்களைப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்" என்றார். அவ்வாறே செய்தோம். யாருக்காகத் திட்டமிடுகிறோமோ அவருடைய விருப்பத்தைக் கேட்டறிவதும் திட்டத்தின் பகுதியன்றோ!

வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்நாட்களில் அறிந்துகொண்ட சிலவற்றைக் கூறுகிறேன். குந்தி அமரும் கழிப்பறை இடுப்பு அறுவைக்குப்பின் உதவாது. நாற்காலி வடிவிலான கமோடு வீட்டிற்கு முன்கூட்டியே வந்துவிடவேண்டும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே மருந்து இரு பெயர்களில் வந்து இரட்டிப்பாகிவிடும் ஆபத்து உண்டு. தாமாகப் புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, முதுகின் அடிப்பகுதியும் குதிகாலும் சிவந்துள்ளனவா எனப் பார்க்கவேண்டும்; சிவந்த இடத்தைத் தேய்க்கலாகாது. கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், புண்ணில் சீழ் ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். அறுவைக்குப்பின் முதியவர் சிலர் இரவில் இடம் காலம் மறந்து பேசுவதுண்டு. அதைப் பைத்தியம் என்று அஞ்சாமல் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். கட்டுப் போடுவதையும் நடக்கவைப்பதையும் செவிலியர் காட்டும்போது பார்த்தால் மட்டும் போதாது. அவர் முன்னிலையில் நாமே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

துணைகளும் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் இல்லம் தேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கின்றன. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. கைவிடப்பட்ட பெற்றோருக்குத் தீர்ப்பாயம் மாதத்தொகை பெற்றுத்தரலாம். நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து தண்ணீர் தரும் கையை எந்த ஆணையாலும் வரவழைக்க இயலாது.

அந்தக் கை ஒருவருடையதாகவே இருந்தால் அது சோர்ந்துபோகும். சோர்ந்த கை கடிந்துகொள்ளும். கடிந்துகொள்ளப்பட்ட முதியவர் தம்மைப் பாரமென்று எண்ணித் தாகத்தையும் அடக்கிக்கொள்வார். இதைத் தடுக்க மருந்துச்சீட்டில் வழியில்லை. ஆகவே, உங்கள் வீட்டு முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றே உடன்பிறந்தோரை அழைத்து அமர்ந்து பேசுங்கள். யார், எந்த நேரம், எந்தப் பணி என்று பெயரிட்டு எழுதுங்கள். அன்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பலருடைய அன்பின் சுமையை ஒருவரே சுமக்கும் நிலை வராதிருக்கவே இந்தக் கணக்கு.