இருநூற்றைம்பது மீட்டர் சண்டை

மேட்டுப்பாளையத்தில் காலை ஐந்தரைக்கு மிதிக்க ஆரம்பித்து, கோத்தகிரி டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது சண்டை வந்தது. நண்பன் போனை நீட்டினான். "மாப்ள, 1,790 மீட்டர் ஏறியிருக்கோம்டா." என் ஹேண்டில்பாரில் இருந்த மீட்டர் 1,540 என்றது. ஒரே ரோடு, ஒன்றாகத்தான் மிதித்தோம். அந்த மாதம் யார் அதிகம் ஏறுவது என்று எங்கள் குரூப்பில் போட்டி வேறு. "உன் போன் பொய் சொல்லுது" என்றேன், மற்றவர்கள் முன்னாலேயே. காசு கொட்டி மீட்டர் வாங்கியவனின் திமிர். அவன் பேசாமல் டீயைக் குடித்தான்.

அன்று ராத்திரி, அவன் பொய்யை நிரூபிக்கவே இரண்டு ஃபைலையும் திறந்தேன்.

அவன் போனில் காற்றழுத்த சென்சார் கிடையாது. போன பாதையை வரைபடத்தின் மேல் பொருத்தி, உயரத்தை அங்கிருந்து எடுத்திருக்கிறது இணையதளம். இப்படிப்பட்ட வரைபடங்கள் பலவற்றுக்கும் அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் ரேடாரால் அளந்த தரவு. நுணுக்கமான வடிவத்திலேயே ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். மலையைக் குடைந்து போட்ட ரோட்டின் அகலம் அதில் கால்வாசி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மரத்தடியில் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் பிசகினால் போதும், நம்மைப் பாறைமேல் ஏற்றி, அடுத்த நொடி பள்ளத்தில் இறக்கி, திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

பிழைகள் கூடியும் குறைந்தும் வந்தால் கடைசியில் சமனாகிவிடாதா? ஆகாது. ஏற்றக் கணக்கில் ஏறியதை மட்டும்தான் கூட்டுகிறோம், இறங்கியதைக் கழிப்பதில்லை. ஒவ்வொரு குலுக்கலும் வரவாகவே விழும்.

சரி, ஜெயித்தாச்சு என்றுதான் என் ஃபைலுக்குப் போனேன். என் மீட்டர் காற்றழுத்தத்தை அளக்கிறது. சமவெளியில் சுமார் எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். ஆனால் நம் பக்கம் அழுத்தம் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நாலு மணிக்குள் தானாகவே சரியும். மேசைமேல் சும்மா கிடக்கும் மீட்டரும் இருபது முப்பது மீட்டர் 'ஏறும்'.

அது பரவாயில்லை. எத்தனை சின்ன மேட்டைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் வில்லங்கம். பத்து வரி பைத்தான் எழுதிப் பார்த்தேன். ஒரு மீட்டருக்குக் குறைவான அசைவுகளை ஒதுக்கினால் 1,580. ஐந்து மீட்டர் வரை ஒதுக்கினால் 1,490. என் 1,540, யாரோ ஒரு இன்ஜினியர் டெட்லைனுக்கு முன்னால் வைத்துவிட்டுப்போன எண்ணில் தொங்குகிறது. நானும் அப்படி எத்தனையோ எண்களை வைத்தவன்தான்.

நண்பனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப உன்னோடதும் தப்பா?"

"தப்புன்னு இல்லடா..."

"அதை குரூப்ல போடு."

போட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.