ஒரு கிராஷின் மூலத்தைத் தேடி

லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில் யூஎஸ்பி வைஃபை கருவி ஒன்றைச் செருகி, பெரிய கோப்பொன்று இறங்கிக்கொண்டிருக்கையிலேயே அதைப் பிடுங்கினால், திரை உறைந்து, கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்ன, கணினி முழுவதும் ஸ்தம்பித்துவிடும் என்பதை நான் யதேச்சையாகத்தான் கண்டேன். மீண்டும் செய்து பார்த்தபோதும் அவ்வாறே நிகழ்ந்ததில் கவலையைவிட உற்சாகமே எனக்கு மேலிட்டது. என்றோ வந்து மறையும் கோளாற்றைக் காட்டிலும், அழைத்த போதெல்லாம் வந்து நிற்கும் கோளாறன்றோ விசாரணைக்கு இடங்கொடுப்பது!

தர்க்க சாஸ்திரிகள் அன்வயம் (காரணம் உள்ளபோது காரியம் உண்டு), வியதிரேகம் (காரணம் இல்லாதபோது காரியம் இல்லை) என்று வகுத்த முறையையே கைக்கொண்டேன். தரவு ஓடாதிருக்கையில் பிடுங்கினால் கணினி விழவில்லை. வேறு வகைக் கருவியை எந்நிலையில் பிடுங்கினும் விழவில்லை. ஆகவே சந்தேகம் அக்கருவியை இயக்கும் நிரலான டிரைவர்மீது நிலைத்தது. சாதாரண நிரலொன்று தவறினால் லினக்ஸின் மையமான கெர்னல் அதனை மட்டும் நிறுத்திவிட்டுத் தன் காரியத்தைத் தொடரும். டிரைவரோ கெர்னலுக்குள்ளேயே அதன் சர்வ அதிகாரங்களுடனும் ஓடுவதாதலின், அது தவறும்போது தடுப்பார் இல்லை. கெர்னலின் ஏனைய பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருப்பதாக ஸ்டான்ஃபர்டு ஆராய்ச்சியாளர்கள் 2001இல் வெளியிட்டதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

ஆனால் அனுமானம் வேறு, நிரூபணம் வேறு. விழுந்துபோன கெர்னல் தன் இறுதிச் செய்திகளை வட்டில் எழுதிவைக்கும் நிலையில் இராது. ஆகையால் நெட்கன்சோல் என்னும் வசதியைக் கொண்டு, ஈதர்நெட் கம்பி வழியே அவற்றை வேறொரு கணினியில் பெற்றேன். அங்கே டைமர்களைக் கவனிக்கும் பொதுப் பகுதியின் பெயர் இருந்ததேயன்றி, டிரைவரின் பெயர் எங்கும் காணப்படவில்லை. விழுந்த இடத்தையே குற்றம் நிகழ்ந்த இடமாகக் கொண்டு, சம்பந்தமில்லாதவர்களுக்குப் புகார் அனுப்பிவிடும் அபாயம் இங்கேதான் உண்டு. நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் யார் பெற்றார், யார் விடுவித்தார், விடுவித்தபின் யார் தீண்டினார் என்று பதிவு செய்யும் கேசான் என்ற சோதனைக் கருவி 2015 முதல் லினக்ஸில் உள்ளது. அதைச் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்து, வைஃபை கருவியைப் பிடுங்கியதும் உண்மை வெளிப்பட்டது. கருவி அகன்றதும் டிரைவர் தன் நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. தரவு ஓடும்போது மட்டும் முடுக்கப்படும் டைமர் ஒன்றை நிறுத்தாமலே விடுவிக்கிறது. குடியிருந்தவர் காலி செய்துபோன வீட்டின் கதவைத் தபால்காரர் தட்டுவதுபோல, டைமர் சிறிது நேரங்கழித்து வந்து அந்நினைவகத்தைத் தீண்டுகிறது.

இனி, இப்பிழை எப்போது புகுந்தது? முந்திய பதிப்பொன்றில் இது நிகழவில்லை. அவ்விரு பதிப்புகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருந்தன. ஆயினும் மாற்றங்களிடையே பிழையைத் தேட உதவும் கிட் பைசெக்ட் என்னும் கட்டளை, நல்லது கெட்டது என்ற நம் விடையைக் கேட்டு, எஞ்சியவற்றை ஒவ்வொரு முறையும் பாதியாக்குகிறது. 16,000 மாற்றங்களானாலும் 14 முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும். முறைக்கொரு கம்பைல் என்பதால் பொறுமைதான் வேண்டியிருந்தது. கடைசியில் நின்றது, நிரலை ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிறு மாற்றம். டைமரை நிறுத்தும் வரி அதில் விடுவிக்கும் வரிக்குக் கீழே இறங்கியிருந்தது.

கெர்னல் பதிப்பு, கிராஷை வரவழைக்கும் கிரமம், கேசான் அறிக்கை, பிழை புகுந்த மாற்றத்தின் அடையாளம் ஆகியவற்றை மட்டும் எழுதி, டிரைவரைப் பராமரிப்பவருக்கு அனுப்பினேன். என் ஊகங்களை அதில் கலக்கவில்லை. அவர் தம்மிடமிருந்த கருவியில் அதே கிரமப்படி செய்து கிராஷைப் பிரத்தியட்சமாகக் கண்டார். அந்த வரியை மேலே ஏற்றிப் பேட்ச் அனுப்பினார். அதனோடு, அதே நிரலிலிருந்து கிளைத்த இன்னொரு டிரைவரிலும் அவ்வரிசை பிறழ்ந்திருப்பதைக் கண்டு அதையும் சேர்த்தே திருத்தினார்.