எங்கட ஊரின் கிணறுகள்

போன கிழமை தரம் 6 பிள்ளைகளுக்கு "எனது ஊர்" என்று ஒரு வரைபடம் வரையக் கொடுத்தேன். மேற்கே கடல், தெற்கே மோதரகம் ஆறு, அக்கரையில் வில்பத்து. இவ்வளவும் எல்லாரும் சரியாகப் போட்டிருந்தார்கள். நடுவில் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், மரிச்சுக்கட்டிக்கு வரலாறு இருக்கா?"

இருக்கு. நூறு வருசத்துக்கு முந்தி முத்து வியாபாரிகள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் இது. 1900களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு முகாம் இந்தக் கரையில்தான் நடந்தது. கம்பும் கிடுகுமாக ஒரு பட்டணமே எழும்பும். கீழக்கரையில் இருந்தும் அரபுக் கரையில் இருந்தும் குளிகாரர் வருவார்கள். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அது ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். 1905இல் நடந்தது மிகப் பெரிய குளிப்பு. 1907க்குப் பிறகு பல வருசம் பாரில் சிப்பி இல்லை, பட்டணமும் இல்லை.

சில வாரம் மட்டும் இருந்த அந்தப் பட்டணத்தைப் பற்றி வெள்ளைக்காரர் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வருசம் முழுக்க இங்கேயே வாழ்ந்த எங்கட சனத்தைப் பற்றி யார் எழுதினார்கள்?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இந்த ஊரும் காலியானது. நான் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், வீடு இருந்த இடத்தில் காடு. உம்மம்மா வீட்டைத் தேடவில்லை, கிணற்றைத்தான் தேடினார். பற்றைக்குள் கல்லுக்கட்டு தெரிந்ததும், அங்கிருந்து அடி வைத்து எண்ணி நடந்து, "இதுதான் என்ட குசினி" என்றார்.

2012இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலம் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. பிறகு நாங்கள் காட்டை அழித்துக் குடியேற வந்தவர்கள் என்று பேசினார்கள். காடு வேண்டும். அதை நானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆனால் எது பழைய காடு, எது ஆளில்லாத இருபது வருசத்தில் மூடிய பற்றை என்று பிரித்துச் சொல்ல, ஊரைத் தெரிந்த ஆள் வேண்டும். உம்மம்மா போன வருசம் மௌத்தாகிவிட்டார்.

அதனால் பிள்ளைகளுக்கு இன்னொரு வீட்டு வேலை கொடுத்தேன். மூத்தவர்களிடம் கேட்டு, பழைய கிணறுகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். யாருடையது, தண்ணி நல்லதா சவரா, பக்கத்தில் என்ன மரம் நின்றது என்பதையும் எழுத வேண்டும். இதுவரை ஏழு கிணறு வந்திருக்கிறது. ஒரு கிணற்றுக்கு இரண்டு அப்பாமார் சண்டை பிடித்ததாகவும் கேள்வி. சந்தோசம்தான்.

புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கிற எங்கட ஊர் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட உம்மா, வாப்பா இருக்கும்போதே கேளுங்கள். ஒரு குரல் பதிவு போதும். எட்டாவது கிணறு உங்களுடையதாக இருக்கட்டும்.