சித்தப்பாவின் கேசட்

இசையைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். எங்கள் ஊர்ப்பக்கம் (மன்னார்குடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்) பிறந்தவனுக்குக் காதில் தானாக ஒட்டிக்கொள்ளும் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். ராகம் கண்டுபிடிப்பேன், பாதி தப்பாக இருக்கும். அப்படிப்பட்டவன் அரபு இசையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

என் சித்தப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். 1986இல் லீவில் வந்தபோது கொண்டுவந்த பானசோனிக் டூ-இன்-ஒன்தான் எங்கள் வீட்டின் முதல் பாட்டுப் பெட்டி. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு ஆறேழு வாரம் அவரிடமிருந்து தகவலே இல்லை. பாட்டி தினம் தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் இரவு சித்தப்பா வந்து நின்றார், ஒரே ஒரு தோள்பையோடு. பஸ்ராவுக்கும் பாக்தாதுக்கும் பஸ், பிறகு ஜோர்டான் எல்லையில் கூடாரம், அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா. அந்த இரண்டு மாதங்களில் அம்மானிலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, இந்த முறை சாக்லேட் இல்லை என்பது மட்டும்தான். எனக்குப் பத்து வயது.

பையில் இரண்டு சட்டை, பாஸ்போர்ட், ஒரு கேசட். கேசட்டின் மேல் நீல மையில் அரபி எழுத்து. போட்டால் ஒரே ஒரு தந்தி வாத்தியம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. வாசிப்பதை விட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் அதிகம். வீணைக்கு ஜலதோஷம் பிடித்தது மாதிரி ஒரு சத்தம். போதாக்குறைக்கு காந்தாரம் எங்கேயோ இடுக்கில் போய் விழுகிறது. எங்கள் அப்பா திண்ணையிலிருந்தே "அபஸ்வரம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். நானும் அதையே சொல்லிச் சிரித்தேன். சித்தப்பா எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார்.

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. அந்தப் பாட்டுகள் ஊரையே என்ன செய்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு கேசட் போடும் ரிக்கார்டர் இருந்தது. என்னிடம் வெற்றுக் கேசட் இல்லை, வாங்கக் காசும் இல்லை. சித்தப்பாவின் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளும் உடைக்கப்பட்டிருந்தன. அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தால் பதியலாம் என்பது அந்தக் காலப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். அடைத்தேன், பதிந்தேன்.

சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சித்தப்பா திரும்ப வெளிநாடு போகவே இல்லை. மன்னார்குடியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்தார். ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் குவைத்தை விட்டுக் கிளம்பியவர்களுக்குத் தனிநபருக்கு 2,500 டாலர், வேறு எதுவும் கோரவில்லை என்றால் 4,000 டாலர் என்று தொகை வைத்தது. அவருக்கு 4,000 தவணை தவணையாக வந்தது. ஒன்பது வருட குவைத்துக்கு அதுதான் கணக்கு முடிப்பு.

இனி பெங்களூரு. மாற்றலில் வந்து பதினோரு வருடமாகிறது. இங்கே வங்கி வேலையைவிடக் கடினமான வேலை சில்க் போர்டு ஜங்ஷனைக் கடப்பது. 2016இல் ஒரு மழை நாள் மாலை அப்படி மாட்டிக்கொண்டு கைபேசியில் வீணை கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் தானாக அடுத்து ஏதோ ஓடத் தொடங்கியது. முதல் மீட்டலிலேயே முதுகு சில்லிட்டுவிட்டது. அதே ஜலதோஷம். அதே சும்மா இருத்தல். இருபத்து நாலு வருடம் கழித்து அந்த வாத்தியத்தின் பெயர் தெரிந்தது: ஊத்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் "ஊத் கேட்டேன்" என்றால், "கேட்டீங்களா, முகர்ந்தீங்களா?" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. சிவாஜிநகர் அத்தர் கடையில் ஊத் என்று விற்பது நம் அகில். அரபியில் ஊத் என்றால் மரம், கட்டை. வாசனைக் கட்டைக்கும் அதே பெயர், வாசிக்கும் கட்டைக்கும் அதே பெயர் :-)

பாதிப் பேரிக்காய் மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து, பின்னால் மடங்கிய தலை. தந்திகள் இரண்டிரண்டாக ஐந்து ஜோடி, அடியில் பெரும்பாலும் ஒற்றையாக ஒன்று. மீட்டுவது ரீஷாவால். ரீஷா என்றால் இறகு. முன்பு கழுகின் இறகுத் தண்டு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். முக்கியமான விஷயம், வீணையில் இருப்பது போல மெட்டுகள் இதில் கிடையாது. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம்.

அன்று தானாக ஓடியது முனீர் பஷீர். 1930இல் மோசுலில் பிறந்து 1997இல் புடாபெஸ்டில் இறந்த ஈராக்கியர். 1936இல் பாக்தாதில் தொடங்கிய இசைப் பள்ளியில் ஷெரீப் முகைதீன் என்ற துருக்கியர் ஊத் சொல்லிக் கொடுத்தார். அவர் செல்லோ வாத்தியக்காரரும்கூட. அங்கே படித்தவர்கள் முனீரும் அவர் அண்ணன் ஜமீலும். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாத்தியத்தை மேடை நடுவில் தனியாக உட்கார வைத்தது இந்தப் பரம்பரை. தனியாக வாசிக்கும் பகுதிக்கு 'தக்ஸீம்' என்று பெயர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஆலாபனை.

ஆரம்பத்தில் நம் ஆள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். அரபு மகாம்களை நம் ராகங்களோடு டாலி பார்த்தேன். ஹிஜாஸ்கார் நம் மாயாமாளவகௌளையின் சுரங்கள். குர்த் கிட்டத்தட்ட தோடியின் சுரங்கள், கமகம் இல்லாமல். அஜம் சங்கராபரணம். டாலி ஆக ஆக ஒரே குஷி. பிறகு ராஸ்த் வந்தது. அதன் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. வங்கியில் எதனோடும் ஒத்துப்போகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் அந்தக் காந்தாரத்தை அப்படித்தான் ஒரு மாதம் வைத்திருந்தேன். ஒரு நாள் விடியற்காலை நடக்கும்போது அது சரியாக விழுந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் டாலி பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர்களுக்கு அது வித்தியாசத் தொகை இல்லை, மூலதனமே அதுதான். அப்பா அபஸ்வரம் என்றது இதைத்தான்.

பிறகு தேடித்தேடிக் கேட்டேன். எல்லாம் பிடித்தது என்று சொன்னால் பொய். பாலைவனம், ஒட்டகம், நிலா என்று படம் போட்டு பின்னணியில் கீபோர்டு ஓடவிட்டு, மேலே நாலு மீட்டல் மீட்டும் 'ரிலாக்ஸ்' வகையறா நிறைய இருக்கிறது. அது ஊத் இல்லை, ஹோட்டல் லிஃப்ட்.

நசீர் ஷம்மாவைக் கேளுங்கள், ஆனால் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் வேண்டாம். 1991 பிப்ரவரி 13ஆம் தேதி பாக்தாதின் அமீரியா பதுங்கிடத்தின் மேல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் எரிந்துபோனார்கள். அதைப் பற்றி ஒரே ஊத்தில் வாசித்திருக்கிறார். சங்கொலியும் விமானமும் அந்தக் கட்டைக்குள்ளிருந்து வருகின்றன. சித்தப்பாவின் பஸ் அந்த ஊர் வழியாகப் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை அப்போது. துனீசியாவின் அனுவர் பிராஹெம் வேறு மாதிரி. பியானோ, அக்கார்டியனோடு 2002இல் அவர் தந்த இசைத்தட்டில் சுரங்களை எண்ணிச் செலவழிக்கிற ஒரு சிக்கனம் இருக்கிறது. நாசரேத்தின் ஜுப்ரான் சகோதரர்கள் சமீர், விஸ்ஸாம், அத்னான் மூன்று பேர், மூன்று ஊத். விஸ்ஸாம் இத்தாலியின் கிரெமோனாவில் வாத்தியம் செய்யப் படித்துவிட்டு, மூவரின் ஊத்தையும் தானே செய்கிறார். 2007இல் வந்த 'மஜாஸ்' அவர்களுடையது. யார் எப்போது விட்டார், யார் எடுத்தார் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும்.

நான் துள்ளிக் குதித்தது வேறொன்றில். 1957இல் லெபனானில் பிறந்து, 1978இல் உள்நாட்டுப் போரிலிருந்து மூனிச்சுக்குப் போனவர் ரபீ அபூ-கலீல். அவருடைய 'ப்ளூ கேமல்' (1992, ஆம், 'ரோஜா' வந்த அதே வருடம்) கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊத்துக்குப் பின்னால் தாளம் எனக்குத் தெரிந்த மாதிரி நடக்கிறது. கோர்வை விழுகிற இடம் என் தொடைக்குத் தெரிகிறது. கலைஞர் பட்டியலைப் பார்த்தால் தென்னிந்தியத் தாள வாத்தியங்கள்: ரமேஷ் ஷோதம். சென்னையில் பிறந்தவர், ஜெர்மனியின் கொலோனில் வாழ்பவர். தவில் கற்றுக்கொண்டது எங்கே தெரியுமா? இதே பெங்களூரில், டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில். அதே இசைத்தட்டில் சாக்ஸபோன் வாசிக்கும் சார்லி மரியானோ பாஸ்டன்காரர், நாதஸ்வரத்தில் மயங்கித் தென்னிந்தியாவில் வந்து கற்றவர். மணியோடும் அவர் மனைவி ராமமணியோடும் 1983இல் 'ஜோதி' என்று ஒரு இசைத்தட்டும் செய்திருக்கிறார். சார்லி 2009இலும் மணி 2020இலும் காலமாகிவிட்டார்கள். நான் பாக்தாத், பெய்ரூட் என்று தேடிக்கொண்டிருக்க, நூல் ஒன்று நான் இருக்கும் ஊருக்கே வந்து நிற்கிறது.

போன வருடம் சித்தப்பா கண்புரை ஆபரேஷனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டிவிட்டார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு இருட்டு அறையில் படுத்திருக்க வேண்டிய வாரம். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று முனீர் பஷீரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் அசையாமல் கேட்டார்.

"இதுதானே சித்தப்பா அந்தக் கேசட்?"

"இல்லடா. இவர் பெரிய ஆள்."

"அப்ப அது யாரு?"

"எங்க ஸ்டோர் கீப்பர். பாலஸ்தீனக்காரர். என் ரூம்லதான் வெள்ளிக்கிழமை ராத்திரி வாசிப்பார். நான்தான் ரெக்கார்டு பண்ணேன். நடுவுல ஒரு இருமல் வரும் பாரு, அது நான்."

கேசட்டின் ஓரத்தை உடைத்துக் கொடுத்ததும், நீல மையில் எழுதிக் கொடுத்ததும் அவர்தானாம். யாராவது தெரியாமல் அழித்துவிடப் போகிறார்கள் என்று. குவைத்தில் அப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேல் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். போர் முடிந்த 1991க்குப் பிறகு அங்கே தங்க முடிந்தவர்கள் சொற்பம். அந்த மனிதர் எங்கே போனார் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. விலாசம் வாங்கிக்கொள்கிற மாதிரியா அன்றைக்கு நிலைமை இருந்தது?

நான் இத்தனை வருடம் கடைகளில், இணையத்தில் தேடிக்கொண்டிருந்தது எங்கேயுமே இல்லாத ஒன்று. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதன் மேல்தான் நான் பதிந்தேன்.

சொல்லிவிட்டேன். காகிதம் அடைத்ததையும் சேர்த்து.

"தெரியும்டா" என்றார். "அன்னிக்கு ராத்திரியே போட்டேன், ரோஜா வந்துது."

"ஏன் சித்தப்பா ஒண்ணும் கேக்கல?"

"பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட என்னத்தக் கேக்கறது?" கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது பக்கம் கடைசில உன் பாட்டு முடிஞ்சப்புறம் ஒரு நாலஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்துது. அதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், கடையில வச்சு" என்றார்.

"அது இப்ப?"

"கஜாவுல கூரையோட போச்சு."

2018 நவம்பர் புயல். அதில் எங்கள் பக்கம் தென்னையெல்லாம் போனது, கேசட்டையா கணக்கில் எடுப்பார்கள்?

'ப்ளூ கேமல்' போட்டேன். "இந்தத் தவில் நம்மாளு மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். சந்தோஷப்பட்டார். மிச்சம் இருந்த அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு, கண் மேல் பச்சைத் துணியோடு, மெதுவாக முனகிக் காட்டினார். காந்தாரம் அதே இடுக்கில் போய் நின்றது. கைபேசியில் பதிந்துகொண்டேன். நாற்பது விநாடி. நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது.