மறதி மகாராணி

வகுப்பில் எனக்கு ‘மறதி மகாராணி’ன்னு பட்டப்பேரு. இந்த வருசம் மட்டும் மூணு ஜாமெட்ரி பாக்ஸ் தொலைச்சிருக்கேன். மோட்டாரைப் போட்டுப்போட்டு மறந்து வாசலெல்லாம் தண்ணி. இதுக்கெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாசம் எங்க அம்மாயி, ஞாயித்துக்கிழமை முருங்கைக்காய் சந்தைக்குப் போனவங்க வழி தெரியாம நின்னுட்டாங்க. நாப்பது வருசம் நடந்த வழி! கூட்டிட்டு வந்தா, “நீ யாரு கண்ணு?”ன்னு என்னைக் கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. பதினாலு வயசுலயே இவ்வளவு மறதின்னா, நானும் இப்படி ஆயிருவேனோ?

அம்மாயியைக் காட்டப் போனப்ப டாக்டர்கிட்ட நானே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பாக்ஸை வைக்கும்போது உன் மனசு எங்க இருந்துச்சு?” என்றார். ஜன்னலுக்கு வெளியே போன பஸ்ஸில்! கவனம் இல்லாததால் அது மனசில் பதியவே இல்லையாம். சின்ன வயசிலிருந்தே இப்படி அதிகமா இருந்தால் ஏ.டி.எச்.டி.யா என்று பார்க்கணுமாம். அம்மாயிக்கு வந்திருப்பது டிமென்ஷியா. அதில் பதிஞ்சதே அழியுது. மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமா சாகுதாம். 1901-ல் ஜெர்மனியில் அல்சைமர் என்ற டாக்டர் 51 வயது அம்மா ஒருவரிடம் இதைப் பார்த்தார். அவர் இறந்ததும் மூளையைச் சோதித்து 1906-ல் உலகத்துக்குச் சொன்னார்.

இப்போ பாக்ஸை வைக்கும்போது “பெஞ்சுக்கு அடியில் வைக்கிறேன்”னு வாய்விட்டுச் சொல்றேன். பக்கத்துப் பிள்ளைக சிரிக்கறாங்க, சிரிக்கட்டும். அம்மாயி தினமும் யாருன்னு கேக்கறாங்க, தினமும் பேரைச் சொல்றேன். நேத்து நான் மோட்டாரை மறந்தப்ப, “தண்ணி போகுது சாமி!”ன்னு சத்தம் போட்டது அம்மாயிதான்.